சிதறிய எண்களைச் சீர்ப்படுத்துவோம்



ஓரிடத்தின் உண்மை நிலையை அறிய விரும்பினால், அங்குள்ளோரை வினவித் தகவல் திரட்டுதல் வேண்டும். ஆயினும், திரட்டிய எண்கள் சிதறிக் கிடக்கும்வரை அவை நமக்கு எதனையும் உணர்த்துவதில்லை. அவற்றைச் சீர்ப்படுத்தும் முறையை ஓர் எடுத்துக்காட்டின்வழி ஈண்டுக் காண்போம்.

ஒரு தோட்டப் பள்ளியில் 40 மாணவர்கள் பயில்வதாகக் கொள்வோம். பள்ளிக்கு நடந்து வர எத்தனை நிமிடம் ஆகின்றது என ஒவ்வொருவரையும் கேட்கின்றோம். 7, 52, 14, 45, 9 என விடைகள் முறையின்றி வருகின்றன. பத்து நிமிடத்திற்கு ஒரு பிரிவாக வகுத்துக்கொண்டு, ஒவ்வொரு விடைக்கும் உரிய பிரிவில் ஒரு கோடு இடுவோம். ஐந்தாவது கோட்டை முதல் நான்கின் குறுக்கே இட்டால் எண்ணுதல் எளிது. சரியாக 20 நிமிடம் எனில் அதனை 20–30 என்னும் பிரிவில் மட்டுமே சேர்த்தல் வேண்டும், இரண்டிடத்தில் எழுதலாகாது. ஒவ்வொரு பிரிவிலும் உள்ள எண்ணிக்கையே நிகழ்வெண் எனப்படும்.

நிமிடம் – மாணவர்
0–10 – 11
10–20 – 9
20–30 – 2
30–40 – 3
40–50 – 8
50–60 – 7
மொத்தம் – 40

மொத்தம் 40 வருகின்றதா எனச் சரிபார்த்தல் இன்றியமையாதது. இதுவே நிகழ்வெண் பட்டியல்.

இனி, கட்டமிட்ட தாளில் கிடைக்கோட்டில் நிமிடங்களையும் செங்குத்துக் கோட்டில் மாணவர் எண்ணிக்கையையும் குறிப்போம். ஒவ்வொரு பிரிவின்மீதும் அதன் நிகழ்வெண் அளவு உயரமுள்ள செவ்வகம் எழுப்புவோம். காலம் இடையறாது தொடர்வது. ஆதலின் செவ்வகங்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்றல் வேண்டும். இப்படத்திற்கு 'இஸ்டோகிராம்' என்று பெயரிட்டவர் கார்ல் பியர்சன் (1857–1936) என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர்.

படம் உணர்த்துவது யாது? பிரிவுகளின் நடு எண்களைக் கொண்டு கணக்கிட்டால், சராசரி ஏறத்தாழ 27 நிமிடம். சராசரியை மட்டும் கேட்போர், "அரை மணிக்கும் குறைவுதானே! பிள்ளைகளுக்கு வண்டி எதற்கு?" எனக் கூறிவிடக்கூடும். ஆனால் 20 முதல் 30 நிமிடத்திற்குள் வருவோர் இருவரே! படத்தில் இரு குன்றுகளும் இடையே ஒரு பள்ளமும் தோன்றுகின்றன. ஒரு குன்று பள்ளிக்கு அருகில் வாழும் பிள்ளைகளைக் காட்டுகின்றது; மற்றொன்று நாற்பது நிமிடமும் அதற்கு மேலும் நடக்கும் 15 பிள்ளைகளைக் காட்டுகின்றது. சராசரி மறைத்த அப்பதினைவரைப் படம் நம் கண்முன் நிறுத்துகின்றது. அவர்கள் தாமதமாவதற்குத் தொலைவு காரணமா, பழுதுற்ற பாதை காரணமா என்பதை நாம்தாம் நேரில் சென்று விசாரித்தல் வேண்டும்.

பிரிவை வகுப்பதிலும் விழிப்பு வேண்டும். முப்பது நிமிடத்திற்கு ஒன்றாக இரண்டே பிரிவுகள் அமைத்தால் 22, 18 எனக் கிடைக்கும், பள்ளம் மறைந்துவிடும். நிமிடத்திற்கு ஒரு பிரிவாக அமைத்தாலோ, செவ்வகங்கள் சிதறி உருவமே தோன்றாது.

அன்புச் சிறார்களே! உங்கள் வகுப்புத் தோழர்கள் வீட்டில் படிக்கும் நேரத்தை இவ்வாறே திரட்டிப் படம் வரைந்து பாருங்கள். பெற்றோர்களே! கூட்டங்களில் சராசரி கூறப்படும்போது, "பட்டியல் எங்கே? படம் எங்கே?" எனக் கேளுங்கள். ஒரு பிள்ளையும் கணக்கில் மறைந்துவிடாதிருக்க அக்கேள்வி துணைபுரியும்.