குறைந்த நீரில் மலசலகூடம்: எதைத் தெரிவு செய்வது?

சொந்தக் காணிக்குத் திரும்பியதும் வீட்டோடு மலசலகூடமும் கட்ட வேண்டியிருக்கும். கோப்பை வாங்குமுன் ஒரு கணக்குப் பாருங்கள்.

தொட்டி பூட்டிய பழைய வகைக் கொமட் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 9 லீற்றர் நீர் எடுக்கும். குந்தியிருந்து பாவித்து, வாளியால் நீரூற்றும் கோப்பைக்கு 3 லீற்றர் போதும். ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 20 தடவை என்றால் மிச்சம் 120 லீற்றர். கிணற்றில் அள்ளிச் சுமப்பவருக்கு அது 12 வாளித் தண்ணீர்.

வாங்கும்போது கவனியுங்கள்:

1. கோப்பையின் அடி நன்கு சரிந்து, உட்புறம் வழுவழுப்பாக இருக்க வேண்டும்.

2. கீழுள்ள வளைகுழாயில் நிற்கும் நீர்தான் மணத்தையும் இலையானையும் தடுக்கும். அது 2 சென்ரிமீற்றர் ஆழம் இருந்தால் போதும். ஆழம் கூடினால் ஊற்றும் நீரும் கூடும்.

3. குந்த முடியாத வயோதிபர், மாற்றுத்திறனாளிகள் வீட்டில் இருந்தால் கொமட்டே நல்லது. 3 லீற்றர், 6 லீற்றர் என இரண்டு பொத்தான் உள்ளதைக் கேளுங்கள். பக்கத்தில் கைபிடியும் பொருத்துங்கள்.

குறைவாக நீரூற்றினால் குழியிலிருந்து நிலத்துக்குள் இறங்கும் அழுக்கு நீரும் குறையும். ஆனாலும் குழி கிணற்றுக்கு 30 மீற்றராவது தள்ளி இருக்கட்டும். அயலவரின் கிணற்றுக்கும் அளந்து பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளூடாக அழுக்கு கிணற்றை விரைவில் சேரும். காணி சிறியதென்றால், குழி வெட்டுமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து இடத்தைக் காட்டுங்கள். பிள்ளைகள் குடிப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான்.