கைக்குழந்தையோடு அந்தமான் போகிறாயா? அக்கா சொல்வதைக் கேள்

எட்டு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தமானா என்று வீட்டில் எல்லாரும் கேட்டிருப்பார்கள். கடல் காற்று ஆகாது, தண்ணீர் மாறினால் சளி பிடிக்கும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று உன் மாமியாரும் சொல்லியிருப்பார். தாராளமாகப் போகலாம்டி. ஆறு மாதம் தாண்டி, கஞ்சி, இட்லி பழகி, இன்னும் நடக்க ஆரம்பிக்காத பிள்ளையோடு கடற்கரைக்குப் போவது, ஓடிப்பிடித்து விளையாடுகிற இரண்டு வயதுப் பிள்ளையோடு போவதைவிடச் சுலபம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை என்றால் நானே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் எல்லா இடத்தையும் பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசையை இந்த ஒரு தடவை விட்டுவிடு. ஒரே தீவு, ஒரே ரூம் போதும். ஏஜென்ட் கொடுக்கிற பேக்கேஜில் ஹேவ்லாக், நீல், ராஸ், பாராடங் என்று வரிசையாக இருக்கும். பாராடங் போக நடுராத்திரியில் எழுந்து ஜீர்காடாங் செக்போஸ்ட்டில் வண்டியோடு வரிசையில் நிற்க வேண்டும். கைக்குழந்தைக்காரிக்கு அது எதற்கு? ஹேவ்லாக்கில் தங்கு. 2018-இல் சுவராஜ் தீவு என்று பெயர் வைத்தார்கள். ஆனால் எல்லாரும் ஹேவ்லாக் என்றுதான் சொல்கிறார்கள்.

டிசம்பர் பாதியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்) விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடு, விழுங்க விழுங்கக் காது அடைக்காது. பிறப்புச் சான்றிதழின் நகல் கைப்பையிலேயே இருக்கட்டும். அங்கிருந்து ஹேவ்லாக்குக்குக் கப்பல். கடல் கொந்தளித்தால் கப்பலை ரத்து செய்துவிடுவார்கள், அதனால் திரும்பி வரும்போது விமானத்துக்கு முதல் நாளே போர்ட் பிளேருக்கு வந்து தங்கிவிடு. கப்பல் ஆட்டத்தில் பெரும்பாலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு வயதுக்குள் குமட்டல் வருவது அபூர்வம். உனக்குத்தான் வரும். பால் கொடுக்கிறவள் என்பதால் மாத்திரையை டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடு. கப்பலுக்குள் ஏ.சி. நன்றாகக் குளிரும், ஒரு ஸ்வெட்டரும் சாக்ஸும் மேலேயே எடுத்து வை.

ஒன்பதாம் மாதத்து எம்.ஆர். தடுப்பூசி எப்போது வருகிறது என்று பார்த்து டிக்கெட் போடு. அந்த ஊசிக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்துக்கூடக் காய்ச்சல் வரலாம். அது தீவில் வந்தால் வீணாகப் பயந்துபோவாய்.

இப்போது முக்கியமான விஷயம், நேரம். அந்தமான் நமக்குக் கிழக்கே வெகுதூரத்தில் இருக்கிறது, ஆனால் கடிகாரம் மட்டும் நம்முடையதுதான். அங்கே சூரியன் சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முந்திக்கொள்ளும். ஜனவரியில் காலை 5.45-க்கெல்லாம் விடிந்துவிடும், சாயங்காலம் 5.15-க்கு இருட்டு கட்டும். உச்சி வெயில் பன்னிரண்டுக்கு இல்லை, பதினொன்றரைக்கே வந்துவிடும். ஊரிலிருந்து வருகிறவர்கள் ஒன்பது மணிக்கு டிபன் சாப்பிட்டு, பத்து மணிக்குப் பிள்ளையோடு மணலில் இறங்குவார்கள். அது அங்கே சுடுகிற வெயில். கைக்குழந்தையோ விடியலோடு எழுகிற ஜீவன். அவளோடு நீயும் எழுந்து, ஆறு மணிக்குக் கரையில் இரு, எட்டு மணிக்கு ரூமுக்குத் திரும்பிவிடு. குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, ஃபேனுக்கடியில் படுக்க வைத்தால் ஒரு நல்ல தூக்கம் போடுவாள். மறுபடி மூன்றரைக்குக் கிளம்பு. இரண்டே வேளை. இடையில் யார் கூப்பிட்டாலும் போகாதே.

காலையில் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரை பிள்ளைக்கு ஏற்றது. அது மேற்குப் பார்த்த கரை, பின்னால் நெடுநெடுவென்று மரங்கள். அதனால் விடிந்து வெகுநேரம் வரைக்கும் மணலில் நிழல் விழும். குடையை மட்டும் நம்பாதே. மணலிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்புகிற வெயில் குடைக்குள்ளும் வரும். முழுக்கைப் பருத்திச் சட்டை, கால் மூடுகிற பேன்ட், கழுத்தை மறைக்கிற தொப்பி, இவைதான் முதல் பாதுகாப்பு. ஆறு மாதத்துக்கு மேல் என்றால் ஜிங்க் ஆக்ஸைடு கலந்த எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்க்ரீனை முகத்திலும் புறங்கையிலும் தடவலாம். ஊரிலேயே ஒரு தடவை கையில் கொஞ்சமாகத் தடவிப் பார்த்துவிட்டுக் கொண்டுபோ. தள்ளுவண்டியைத் துணி போட்டு மூடாதே, உள்ளே சூடு கட்டிக்கொள்ளும்.

மணல் ஈயைப் பற்றி ஏஜென்ட் யாரும் சொல்ல மாட்டார்கள். கண்ணுக்கே தெரியாது, கடித்தால் நாள்கணக்கில் அரிக்கும். காலையும் மாலையும் ஈர மணலில்தான் அதிகம். வெறும் மணலில் பிள்ளையை உட்கார வைக்காதே. கெட்டியான பாய் விரி, அதன்மேல் பழைய போர்வையைப் போடு. ராத்திரிக்குக் குடை மாதிரி விரிகிற கொசுவலை கட்டாயம் எடுத்துப்போ.

கடலில் இறக்கலாமா என்று கேட்பாய். அலை அடங்கின இடமாகப் பார்த்து, இடுப்பில் வைத்தபடி கால் நனைகிற அளவுக்கு, பத்து நிமிஷம் போதும். கழுத்தில் மாட்டுகிற காற்று வளையம் கடையில் அழகாகத் தொங்கும், வாங்கவே வாங்காதே, ஆபத்து. கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து போட்டோ எடுக்காதே. முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கிற கரையில் தண்ணீர் பக்கமே போகாதே, அது சும்மா வைத்த பலகை இல்லை.

வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு எல்லாவற்றையும் ஒற்றி எடு, தேய்க்காதே. அப்புறம் அவள் மூடி வைத்திருக்கிற கைவிரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார். உள்ளங்கை ரேகைக்குள் மணல் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கை அடுத்த நிமிஷம் வாய்க்குத்தான் போகும். கண்ணில் மணல் விழுந்தால் கசக்காமல் சுத்தமான தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவு.

சாப்பாட்டுக்கு ஹோட்டலை நம்ப வேண்டாம். போர்ட் பிளேரில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய, இட்லி கிடைக்கும். ஹேவ்லாக்கில் அது நிச்சயமில்லை. ஒரு ஆழாக்கு பச்சரிசி, கால் ஆழாக்கு பாசிப்பருப்பு, கொஞ்சம் சீரகம். அரிசியையும் பருப்பையும் கழுவி, நிழலில் உலர்த்தி, மூன்றையும் சிவக்காமல் வறுத்து, ரவையாக உடைத்து டப்பாவில் போட்டுக்கொள். சின்னக் கரண்ட் குக்கரில் இரண்டு ஸ்பூன் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக் குழைய வேக வைத்தால் ஒரு வேளைக் கஞ்சி. புது உணவு எதையும் அங்கே ஆரம்பிக்காதே. தண்ணீர் கொதித்து ஆறினதாக இருக்கட்டும். தாய்ப்பாலை வழக்கத்தைவிட அடிக்கடி கொடு, நீயும் நிறையத் தண்ணீர் குடி.

காய்ச்சல் மருந்தைப் பிள்ளையின் எடைக்கு எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட், தெர்மாமீட்டர் இருக்கட்டும். ஒன்றுக்குப் போவது குறைந்து, வாய் உலர்ந்து, சோர்ந்து கிடந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதே. ஹேவ்லாக்கில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரி போர்ட் பிளேரில் ஜி.பி. பந்த்.

தூளியில் மட்டும் தூங்குகிற பிள்ளை என்றால் ஒரு வாரம் முன்பே பாயில் பழக்கு. ஹோட்டல் திரைச்சீலைக் கம்பியில் தூளி கட்டாதே. அவள் படுத்த விரிப்பைத் துவைக்காமல் அப்படியே எடுத்துப்போ, வீட்டு வாசனைக்குச் சீக்கிரம் கண் அயர்வாள்.

கடைசியாக உனக்கு. தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளை மாப்பிள்ளை கையில்தான் இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன்பே அவரிடம் பேசி முடிவு செய்துவிடு, அங்கே போய்க் கேட்டால் "இதோ, ஒரு போட்டோ" என்று நழுவுவார். டயபர் மாற்றவும் கஞ்சி ஊட்டவும் ஊரிலேயே பழகட்டும். பிள்ளை பெற்று எட்டு மாதம் சரியான தூக்கம் இல்லாமல் இருந்த உடம்பு உன்னுடையது. லீவு உனக்கும் சேர்த்துத்தான். அந்த ஒரு மணி நேரம் நீ கடலில் இறங்கு, கரையில் நின்று பையைக் காவல் காக்காதே.