பழைய வீட்டைப் பேணுதல்

பெங்களூரின் காக்ஸ் டவுன், கண்டோன்மென்ட் காலத்தில் உருவான குடியிருப்பு. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கு வாழ்ந்து வருகின்றன. சுண்ணாம்புக் காரையும் மங்களூர் ஓடும் கொண்டு கட்டிய பழைய வீடுகள் சில இன்றும் உள்ளன. அவற்றின் அருகே அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்துள்ளன. பழையதாயினும் புதியதாயினும், பேணாத வீடு நெடுநாள் நிலைக்காது.

கட்டடத்தின் முதற்பகை நீர். மழைநீர்க் குழாயில் சருகு அடைத்துக்கொண்டால் மொட்டைமாடியில் நீர் தேங்கும். அந்நீர் கான்கிரீட்டினுள் கசிந்து இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு, இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைக்கும். அதனால் கான்கிரீட் வெடித்து உதிரும். சுவரில் முளைக்கும் சிறு அரசங்கன்றும் வேரூன்றிச் சுவரைப் பிளக்கும்.

2021ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், பெங்களூரின் லக்கசந்திராவில் மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து வீழ்ந்தது. அதில் மெட்ரோ இரயில் பணியாளர்கள் தங்கியிருந்தனர். வீழ்வதற்கு முன்பே அவர்கள் வெளியேறியமையால் உயிரிழப்பு நேரவில்லை. காலத்தே வெளியேறியதே அவர்களைக் காத்தது.

வீட்டைப் பேணுவது யார் கடமை? உரிமையாளர், குடியிருப்பவர் இருவருக்கும் அதில் பங்கு உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் இதனைத் தெளிவாகக் கூறுகிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் குறிப்பிடாதபோது, தம்மால் நேர்ந்த பழுதைக் குடியிருப்பவர், அறிவிப்புப் பெற்ற மூன்று மாதத்திற்குள் சீர்செய்ய வேண்டும். உரிமையாளர் தாம் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பை, அறிவித்த பின்னும் செய்யாவிடின், குடியிருப்பவரே செய்து அச்செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

மாணவர்களே, உங்கள் வீட்டுச் சுவரில் விரிசல் உள்ளதா? அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு, நாளைக் குறித்து வையுங்கள். சில வாரங்களில் விரிசல் அக்கோட்டைத் தாண்டினால் பெற்றோரிடம் கூறுங்கள். பொறியாளர் ஒருவர் அதனைப் பார்வையிட வேண்டும். விரிசலின்மேல் வண்ணம் பூசுவதால் கண்ணுக்கு அது மறையுமேயன்றி, பழுது நீங்காது.

அருஞ்சொற்பொருள்
பேணுதல் – பாதுகாத்தல்
காரை – சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த சாந்து
சருகு – உலர்ந்த இலை

பயிற்சி
1. துருப்பிடித்த கம்பி கான்கிரீட்டை எவ்வாறு உடைக்கிறது?
2. லக்கசந்திராவில் உயிரிழப்பு நேராமைக்குக் காரணம் யாது?
3. 'முதற்பகை' – பிரித்து எழுதுக.
4. மொட்டைமாடிக் குழாய் அடைத்துள்ளதைத் தெரிவித்து, வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுதுக.