கொங்குக் கிணறு: தோண்டலும் பேணலும்

கிணற்றை நீக்கிவிட்டுக் கொங்கு நாட்டின் வரலாற்றை எழுத இயலாது. பேராறு பாயாத மேட்டு நிலத்தில் மனிதன் தன் கைவலியால் தேடிக்கொண்ட நீர்நிலையே கிணறு. பதிற்றுப்பத்தின் மூன்றாம் பத்தைப் பாடிய பாலைக் கௌதமனார், 22ஆம் பாடலில் கொங்கரின் கிணற்றை நமக்குக் காட்டுகிறார். வன்னிலத்தைக் கணிச்சியால் உடைத்துத் தோண்டிய குழியில் நீர் சிறிது சிறிதாக ஊறுகிறது. கயிறு கட்டிய முகவையால் அதனை முகந்தெடுக்க, ஆநிரைகள் வேட்கையோடு மொய்க்கின்றன. ஈராயிரம் ஆண்டுகளுக்குமுன் வரையப்பட்ட அச்சொல்லோவியத்தில் இன்றைய அவிநாசி வட்டாரத்தின் சாயலைக் காணலாம். நிலமும் மாறவில்லை, நீரின் அருமையும் மாறவில்லை.

மணற்கேணியும் பாறைக் கிணறும்

வள்ளுவர் கல்வி அதிகாரத்தில் மணற்கேணியை உவமையாக்கினார். மணலில் தோண்டுமளவுக்கு நீர் ஊறும். கற்குமளவுக்கு அறிவு பெருகும். உவமை மணலுக்குப் பொருந்தும் என்பதை மாணவர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். அவிநாசியின் நிலமோ பாறை நிலம். மேலே சில அடி மண். அதன்கீழ் வெயிலாலும் மழையாலும் சிதைந்த நொறுங்கு பாறை. அதற்கும் கீழே கெட்டிப் பாறை. நொறுங்கு பாறை பஞ்சுபோல் நீரைத் தாங்கும். கெட்டிப் பாறையில் வெடிப்புகளில் மட்டுமே நீர் உண்டு. ஆழம் மிகமிக, மேலுள்ள பாறையின் சுமையால் வெடிப்புகள் இறுகிக் குறைகின்றன. ஆதலின் இங்கே தோண்டிய அளவுக்கு ஊறும் என்பது விதியன்று. முந்நூறு அடியில் கிட்டாத நீர் ஆயிரம் அடியில் கிட்டியே தீரும் என எண்ணிக் கடன்பட்டோர் பலர்.

மழையும் தாராளமாக இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த இப்பகுதியின் ஆண்டு மழை ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் சில நாள்களிலேயே பெய்து ஓடிவிடும்.

கவலை முதல் ரிக் வரை

மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில், எடுப்பதற்கு ஓர் எல்லை இருந்தது. மாடு களைத்தால் சால் நிற்கும். அந்த ஓய்வில் கிணறு ஊறும். மின்மோட்டார் வந்தபின் அவ்வோய்வு குறைந்தது. 1990ஆம் ஆண்டு உழவர் அனைவர்க்கும் இலவச மின்சாரம் வழங்கப்பட்டது. உழவரின் சுமையைக் குறைத்த நற்செயல் அது. எனினும் நீரின் விலையை அது கண்ணுக்குத் தெரியாமற் செய்தது. நீர்மட்டம் இறங்க, வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்தினர். பின்னர்க் கிணற்றுக்குள்ளேயே துளையிட்டனர். இறுதியில் ஆழ்துளைக் கிணறு எங்கும் பரவியது. திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்ட ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களிலும் பாறையைத் துளைத்தன. துளைக்கும் தொழிலுக்கும் பம்புத் தொழிலுக்கும் கொங்கு நாடே புகழ்பெற்றது. அந்நாடே நீருக்கு ஏங்கியது.

துளையிடுவோர் அறிய வேண்டியவை

முதலாவது, இடத்தேர்வு. வேப்பங்குச்சியும் தேங்காயும் நீரைக் காட்டும் என்பதற்கு அறிவியற் சான்று இல்லை. நிலத்துள் மின்னோட்டம் செலுத்திப் பாறையின் மின்தடையை அளக்கும் முறை, வெடிப்புள்ள இடத்தை ஊகிக்க உதவும். ஆயினும் அதுவும் உறுதிமொழி அன்று.

இரண்டாவது, உறைக்குழாய். மேல்மண்ணும் நொறுங்கு பாறையும் சரியாதபடி கெட்டிப் பாறையில் நன்கு பதியும்வரை குழாய் இறக்க வேண்டும். குழாயைச் சுற்றிய இடைவெளியைச் சிமெண்டால் அடைக்க வேண்டும். இவ்விடத்தில் சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தால், சாக்கடை நீரும் மண்ணும் உள்ளே இறங்கும். கழிவுநீர்த் தொட்டிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது ஐம்பதடி இடைவெளி வேண்டும்.

மூன்றாவது, அளவறிந்து எடுத்தல். துளையிட்டவுடன் நீர் பீறிடுவதைக் கண்டு பெரிய மோட்டாரை இறக்குவது தவறு. சில மணி நேரம் தொடர்ந்து இறைத்து, மட்டம் எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற பம்பையே பொருத்த வேண்டும். ஆண்டுதோறும் சித்திரையிலும் தையிலும் நீர்மட்டத்தை அளந்து ஏட்டில் குறித்துவைப்பது நல்லது.

திறந்த கிணற்றைப் பேணுதல்

திறந்த கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும், சுற்றிலும் வெளிப்புறம் சரிந்த சிமெண்டுத் தளமும் தேவை. கோடையில் நீர் குறைந்தபோது தூர் வார வேண்டும். நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றில் உயிர்க்காற்று இல்லாமற் போகலாம், நச்சுவாயு தேங்கியிருக்கலாம். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் காற்றின்மையை உணர்த்துமேயன்றி எல்லா நச்சுவாயுவையும் காட்டாது. காற்றோட்டம் செய்யாமலும், இடுப்பில் கயிறின்றியும், மேலே துணையின்றியும் எவரும் இறங்கலாகாது. மயங்கியவரை மீட்க அடுத்தவர் உடனே குதித்து இருவரும் மாண்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவதும் உயிருக்கு உலை வைக்கும்.

குடிநீர்க் கிணற்றைத் தூய்மை செய்ய 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். பத்தடி விட்டமும் பதின்மூன்றடி நீரும் உள்ள வட்டக் கிணற்றில் சுமார் 29,000 லிட்டர் இருக்கும்; அதற்கு ஏறத்தாழ 72 கிராம். வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலந்து, ஒரு மணி நேரங்கழித்துப் பயன்படுத்தலாம். ஆனால் உப்பையும் புளோரைடையும் சாயக்கழிவையும் இது போக்காது. அவற்றை ஆய்வுக்கூடச் சோதனையே காட்டும். நொய்யல் மாசுபட்டதையும், 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதையும் நாம் மறக்கலாகாது.

கைவிட்ட துளை

நீரில்லாத துளையைத் திறந்து விடுவது கொலைக்கு ஒப்பான அலட்சியம். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தையொன்று கைவிட்ட துளையில் விழுந்தது. நான்கு நாள் போராடியும் உயிருடன் மீட்க இயலவில்லை. உச்சநீதிமன்றம் 2010இலேயே முன்னறிவிப்பு, வேலி, எச்சரிக்கைப் பலகை, இரும்பு மூடி, பயனற்ற துளையை மண்ணும் கல்லும் இட்டு நிரப்புதல் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியிருந்தது. சட்டம் இருந்தது, மூடிதான் இல்லை.

எடுப்பதும் கொடுப்பதும்

நம் கிணறு நம் எல்லைக்குள் இருப்பினும், அதன் நீர் எல்லைக்கல் அறியாது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், நிலத்தடியில் வரையறுத்த போக்கின்றிப் பரவும் நீரை எடுக்கும் உரிமையை நிலவுடையார்க்கு அளித்தது. சட்டத்தின் உரிமை அது. அறத்தின் கணக்கு வேறு. மதீனாவில் விலைக்கு விற்கப்பட்ட ரூமா கிணற்றை உதுமான் (ரலி) வாங்கி அனைவர்க்கும் பொதுவாக்கிய வரலாற்றை நாம் அறிவோம். தனிக்கிணறு பொதுநலத்துக்கு உதவலாம் என்பதற்கு அதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

அரை நூற்றாண்டுக்கும் மேலாக மக்கள் வேண்டிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டு 17ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்டது. பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டின் கீழ்ப்புறத்திலிருந்து, ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. உபரிநீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 குளங் குட்டைகளுக்குக் கொண்டுவருவது இதன் நோக்கம். ஈரோடு, திருப்பூர், கோவை ஆகிய மூன்று மாவட்டங்களிலும் குளம் நிறைந்தால் அருகிலுள்ள கிணறுகளும் ஊறும். எனினும் ஆற்றில் உபரி உண்டானால்தான் அத்திட்டத்தில் நீர் உண்டு. அதை நம்பி வீட்டுக்கூரையின் மழையை வீணாக்கலாமா? 100 சதுர மீட்டர் கூரையில் 650 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஐந்தில் ஒரு பங்கு கழிவு போக, 52,000 லிட்டர் சேரும். அதனை மணலும் சரளையும் இட்ட வடிகுழி வழியே கிணற்றில் இறக்குவது பெருஞ்செலவுமன்று.

மாணவச் செல்வங்களே! கணிச்சியால் பாறையை உடைத்த கொங்கர், ஊறிய சிறு நீரைக் கால்நடைக்கும் பகிர்ந்தனர். நம்மிடம் கருவிகள் பெருகின. பகிரும் பண்பும் அளவறியும் பண்பும் அவற்றோடு பெருக வேண்டும். இவ்விடுமுறையில் உங்கள் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை ஒருமுறை அளந்து குறித்துவையுங்கள். ஊரில் மூடியில்லாத துளை எதுவும் உண்டா என்று பார்த்து, ஊராட்சிக்குத் தெரிவியுங்கள். நீரைப் பற்றிய கல்வி அங்கே தொடங்கட்டும்.