வீதியில் காயும் நெல் சொல்வது என்ன?

பொது இடத்தில் அரசோ நிறுவனமோ எதையாவது அமைக்கும்போது அதற்கென ஒரு நோக்கம் இருக்கும். மக்களோ அதனைத் தம் தேவைக்கேற்ப வேறு விதமாகவும் பயன்படுத்துவர். சிலவேளை பயன்படுத்தாமலே விட்டுவிடுவர். இதனைப் பலர் ஒழுங்கீனம் என்பர். நாம் இதனை ஒரு பாடமாக நோக்குவோம். மீளக்குடியமர்ந்த ஊர்களிலும், இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாதோர் வாழும் இடங்களிலும் இப்பாடம் பயன் தரும்.

முதலில் வீதியை எடுத்துக்கொள்வோம். 2009இல் போர் முடிந்தபின் வன்னியின் வீதிகள் பல காபற் வீதிகளாயின. வாகனங்கள் விரைந்து செல்லவே அவை அமைக்கப்பட்டன. ஆயினும் காலபோக அறுவடைக் காலத்தில் அவற்றின் ஓரங்களில் நெல் காய்வதைக் காண்கிறோம். முன்பு கதிரை அரிவாளால் வெட்டி, சூடு வைத்து, களத்தில் மிதித்தோம். நெல் படிப்படியாக உலர்ந்தது. இன்று அறுவடை இயந்திரம் வெட்டியவுடனே நெல்லைக் கொட்டிவிடுகிறது. அந்த நெல்லில் பெரும்பாலும் 20 வீதத்துக்கு மேல் ஈரப்பதன் இருக்கும். உலர்ந்த நெல்லுக்கான அளவோ 14 வீதம். ஈர நெல்லுக்கு வியாபாரி விலையைக் குறைப்பார். வைத்திருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய களங்கள் பற்றையாகிவிட்டன. தற்காலிகக் குடிசையில் சீமெந்து முற்றம் ஏது? ஆகவே வீதியில் காயும் நெல், “எங்கள் ஊரில் களம் இல்லை” என்றே சொல்கிறது.

எனினும் மக்கள் செய்வதெல்லாம் சரி என்பதல்ல. வீதி எல்லோருக்கும் உரியது. நெல்லைச் சுற்றி வைத்த கல்லும் தடியும் இரவில் மோட்டார் சைக்கிளில் வருபவருக்குத் தெரிவதில்லை. பாடசாலைப் பிள்ளைகள் நடுவீதிக்குத் தள்ளப்படுகின்றனர். விதைநெல் 43 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால் முளைதிறன் கெடும்; நண்பகல் வெயிலில் தார் அதைவிடச் சூடாகும். ஆனால் தண்டம் விதித்துத் துரத்துவதால் களம் உண்டாகிவிடாது. நெல் அடுத்த வீதிக்குப் போகும், அவ்வளவே. உழவு இயந்திரம் திரும்பக்கூடிய இடத்தில் பொதுவான சீமெந்துத் தளம் ஒன்றை அமைப்பதே இதற்குப் பரிகாரம்.

பயன்படுத்தாமையும் ஒரு பதிலே. முகாம்களில் 20 பேருக்கு ஒரு மலசலகூடம், அதுவும் இருப்பிடத்திலிருந்து 50 மீற்றருக்குள் இருக்கவேண்டும் என மனிதாபிமான நிறுவனங்களின் ஸ்பியர் நியமங்கள் கூறுகின்றன. கணக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் வழியில் வெளிச்சமும் கதவில் கொண்டியும் இல்லையேல் பெண்கள் இரவில் அங்கே போகமாட்டார்கள். அவர்களைச் “சுகாதார அறிவு இல்லாதோர்” என்பது அநீதி. அவர்கள் கூறாமல் கூறியதை நாம் கேட்கவில்லை என்பதே உண்மை.

இவ்வாறு பார்த்து அறிவதும் ஒரு கல்விமுறைதான். அமெரிக்கரான வில்லியம் வைட் நியூயோர்க் நகரின் பொதுச் சதுக்கங்களில் மக்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று படம் பிடித்து ஆராய்ந்து, 1980இல் நூலாக வெளியிட்டார். இருப்பதற்கு வசதியுள்ள இடத்திலேயே மக்கள் இருப்பர் என்பது அவர் கண்ட எளிய உண்மை. நம் முன்னோரும் இதனை அறிந்திருந்தனர். தலைச்சுமையோடு வருபவர் களைக்கும் இடத்தில் சுமைதாங்கியையும், மாடுகள் நீர் குடிக்கும் கேணியருகே ஆவுரோஞ்சிக் கல்லையும் நட்டனர். நடப்பதைப் பார்த்த பின்பே கல்லை நட்டனர்.

நம் சங்கங்கள் செய்யக்கூடியவை:

1. ஒரு வாரம் காலை, நண்பகல், மாலை என மூவேளையும் பொது இடங்களைப் பாருங்கள். யார், எங்கே, என்ன செய்கிறார் எனக் குறியுங்கள்.

2. அடைத்த பின்னும் மீண்டும் திறக்கும் வேலிப் பொட்டுகளையும் ஒற்றையடிப் பாதைகளையும் ஊர் வரைபடத்தில் கீறுங்கள். படலை அங்கேதான் வேண்டும்.

3. பெண்கள், முதியோர், சிறுவரிடம் தனித்தனியே காரணம் கேளுங்கள். கூட்டத்தில் பேசாதவர்கள் அங்கே பேசுவர்.

4. அப்பயன்பாட்டால் யாருக்கு இடையூறு என்பதையும் எழுதுங்கள்.

5. இவற்றைக் கமக்காரர் அமைப்பின் மூலம் பிரதேச சபைக்கு எழுத்தில் கொடுங்கள். வேலை தொடங்கிய பின்பல்ல, திட்டம் வரையும்போதே கொடுங்கள்.

சிறிய சமூகங்கள் தாமே செய்யக்கூடியதை மேலிடம் பறித்துக்கொள்ளலாகாது, அதற்குத் துணைநிற்கவே வேண்டும் என்று 1931இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் தம் சுற்றுமடலில் போதித்தார். பல முறை இடம்பெயர்ந்த நமக்கு, எங்கே இருப்பது, எவ்வழி நடப்பது என்பதைப் பிறரே தீர்மானித்து வந்திருக்கின்றனர். நம் காலடிகள் காட்டும் வழியை நாமே வாசித்து நாமே எழுதிக் கொடுப்பது, இழந்த உரிமையை மீட்பதன் ஒரு பகுதியாகும்.

கலந்துரையாட: உங்கள் ஊரில் கட்டப்பட்டும் பயன்படாதிருப்பது எது? கட்டப்படாமலே மக்கள் உண்டாக்கிக்கொண்டது எது?