உங்கள் வகுப்பின் கடிதங்கள் யாரிடம் இருக்கின்றன?

கே: 1990களின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் ஒன்றாக இளங்கலை படித்தவர்கள் நாங்கள். வாட்ஸ்அப் குழுவுக்கு ஆண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். உடன் படித்த பெண்களில் இரண்டு பேர் மட்டும் சேர்ந்தார்கள். அவர்களும் ஒரே வாரத்தில் வெளியேறிவிட்டார்கள். மின்னஞ்சல் குழு தொடங்கினால் வருவார்களா? இந்தக் காலத்தில் யார் மெயில் பார்க்கிறார்கள் என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.
- வாசகர், போளூர்

ப: வருவார்கள். அவர்கள் போனது உங்கள் மேல் உள்ள கோபத்தால் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த நிமிடமே ஒருவருடைய கைபேசி எண் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடுகிறது. முப்பது வருடம் பேசாத ஒருவர் இரவு பத்தரை மணிக்கு 'என்னை ஞாபகம் இருக்கா' என்று தனியாகச் செய்தி அனுப்புவார். வீட்டில் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் அந்தப் பெண். குழு தொடங்குகிற ஆண்கள் இதை யோசிப்பதே இல்லை. என்னிடம் உதவிக்கு வரும் குழுக்களில் பாதிக்கு மேல் இதே கதைதான்.

மின்னஞ்சல் குழுவில் யாருடைய எண்ணும் வேண்டாம். கூகுள் குரூப்ஸ் போதும், செலவில்லை. முதல் நாளே அமைப்புகளைப் பாருங்கள். வெளியார் தேடினால் குழு கிடைக்கக் கூடாது. உறுப்பினர் பட்டியல் நிர்வாகிகள் கண்ணுக்கு மட்டும் தெரிய வேண்டும். யாரையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள். அழைப்பு அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். கடிதம் எழுதுபவரின் மெயில் முகவரி மற்றவர்களுக்குத் தெரியும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; வேண்டுமானால் குழுவுக்கென்றே தனி முகவரி வைத்துக்கொள்ளட்டும். நிர்வாகிகள் மூன்று பேர் வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். தோழிகளை அவரே அழைக்கட்டும்.

வாட்ஸ்அப் குழுவைக் கலைக்க வேண்டியதில்லை. சாவுச் செய்தியும் கல்யாணச் செய்தியும் அதில்தான் வேகமாகப் போகும். நின்று, யோசித்து எழுதுகிற கடிதத்துக்கு மெயில்.

கே: குழுவுக்கு நல்ல பெயர் சொல்லுங்கள்.
- வாசகர், ஆரணி

ப: கல்லூரி, பாடம், சேர்ந்த ஆண்டு, முடித்த ஆண்டு. தேடி வருகிறவருக்கு அது போதும்.

கே: எழுபது பேரில் இருபத்தைந்து பேரின் முகவரிதான் கிடைத்தது. கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் தர மறுக்கிறார்கள்.
- வாசகர், செங்கம்

ப: மறுத்தது சரி. உங்கள் வகுப்பில் இருந்தவர் என்பதற்காக இன்னொருவரின் முகவரியை அவர்கள் எடுத்துக் கொடுக்க முடியாது.

பட்டியலை நீங்களே போடுங்கள். வெறும் பெயரை எழுதினால் நம் ஊரில் நடக்காது. ஒரே வகுப்பில் நான்கு அண்ணாமலை, மூன்று அருணாசலம் இருப்பார்கள். ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் வேறு. இனிஷியல், அப்பா பெயர், படித்த காலத்துக் கிராமம், விடுதியில் இருந்தாரா பேருந்தில் வந்தாரா என்று நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றியிருப்பார்கள். பழையதையும் குறித்து வையுங்கள். 1989க்கு முன்னால் படித்தவர்களின் சான்றிதழில் மாவட்டம் வட ஆற்காடு என்றிருக்கும். திருவண்ணாமலை தனி மாவட்டமானது அந்த ஆண்டு செப்டம்பரில்தான்.

பிறகு அந்தக் கிராம முகவரிக்கே ஐம்பது காசு அஞ்சலட்டை போடுங்கள். அவர் ஊரில் இருக்க மாட்டார். அம்மாவோ அண்ணனோ இருப்பார்கள். தபால்காரருக்கு எந்த வீடு என்று தெரியும். அட்டையில் உங்கள் பெயர், வகுப்பு, மெயில் முகவரி இருந்தால் போதும். முகநூலில் மாதக்கணக்கில் தேடியும் கிடைக்காதவர்கள் இப்படிக் கிடைத்திருக்கிறார்கள்.

கே: எல்லோருடைய முகவரியையும் 'டு' கட்டத்தில் போட்டு மெயில் அனுப்பி வருகிறேன். இது போதாதா?
- வாசகி, வந்தவாசி

ப: போதாது, தவறும்கூட. யாரையும் கேட்காமல் எல்லோருடைய முகவரியையும் எல்லோருக்கும் கொடுத்துவிட்டீர்கள். குழு தயாராகும்வரை 'பிசிசி' கட்டத்தில் போடுங்கள்.

கே: எங்கள் குழுவில் மிகுதியாக எழுதியவர் சென்ற மாதம் காலமானார். அவர் முகவரியை நீக்க யாருக்கும் மனம் வரவில்லை. நீக்கத்தான் வேண்டுமா?
- வாசகர், கீழ்பென்னாத்தூர்

ப: அவசரமே இல்லை. முதலில் அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள். அந்த அஞ்சல் பெட்டியை இனி மனைவியோ மகனோ திறந்து பார்க்கலாம். மற்றவர்கள் நண்பர்களுக்கென்று எழுதுவது அவர்கள் கண்ணில் படும். அதனால் வீட்டாரிடம் சொல்லிவிட்டு, ஒரு மாதம் கழித்து அனுப்பும் பட்டியலிலிருந்து எடுங்கள். வகுப்புப் பட்டியலில் அவர் பெயர் அப்படியே இருக்கட்டும். அவர் எழுதிய கடிதங்களைத் திரட்டி அச்செடுத்து வீட்டில் கொடுங்கள். அப்பா இப்படியெல்லாம் எழுதுவார் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது.

கே: 2002 முதல் யாகூவில் எங்கள் வகுப்புக்குக் குழு இருந்தது. பல வருடம் கழித்து இப்போது போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. பழைய கடிதங்களை மீட்க முடியுமா?
- வாசகர், திருவண்ணாமலை

ப: யாகூவிடமிருந்து முடியாது. குழுக்களில் இருப்பதை அழிக்கப் போவதாக 2019 அக்டோபரில் அறிவித்தார்கள். முதலில் டிசம்பர் 14 வரை கெடு, பிறகு 2020 ஜனவரி 31 வரை நீட்டிப்பு. அதோடு கடிதம், படம், கோப்பு எல்லாம் போயின. 2020 டிசம்பர் 15இல் குழுக்களின் அஞ்சல் சேவையும் நின்றது. உங்கள் நண்பர்களில் எவராவது பழைய அஞ்சல் பெட்டியைத் துடைக்காமல் வைத்திருந்தால் அதில் இருப்பதுதான் மிச்சம். பரணில் கிடக்கும் பழைய கணினியையும் பாருங்கள். கடிதங்கள் கோணல்மாணலான எழுத்துகளாகத் தெரிந்தால் குப்பை என்று அழித்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றமாக இருக்கும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. இணையத்தில் தமிழ் எழுந்து நின்றதே அஞ்சல் குழுக்களில்தான். 1990களின் நடுவில் பாலா பிள்ளையின் தமிழ்.நெட் அஞ்சல் குழுவில் பல நாட்டுத் தமிழர்கள் கூடினார்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்க்காதவர்கள், சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரத்தோடு சேர்ந்து 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்களை நீங்கள் இன்றைக்கும் இறக்கிக்கொள்ளலாம். தனித்தனிக் கோப்பாக்கி, யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டதால் அவை பிழைத்தன. அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று யாகூவில் இயங்கிய குழுக்களில் எத்தனை பேர் முதல் கதையை, முதல் கட்டுரையை எழுதினார்கள்! யாரோ ஒருவர் பிரதி எடுத்து வைத்த அளவுக்குத்தான் அவையும் மிஞ்சின.

யாகூ மட்டுமில்லை. ஆர்குட் சமூக வலைத்தளத்தை கூகுள் 2014 செப்டம்பர் 30இல் மூடியது. இரண்டு வருடம் தொடாத கணக்கை கூகுள் 2023 டிசம்பர் முதல் அழித்து வருகிறது. உங்கள் குழுவுக்கு ஒரே உரிமையாளர், அவரும் அந்தக் கணக்கைத் திறப்பதில்லை என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இடம் கொடுத்தவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவான். அவனை நம்பி வகுப்பின் கடிதங்களை அங்கேயே விடலாமா?

செய்ய வேண்டியது சின்ன வேலை. குழுவின் உரிமையாளர் கூகுள் டேக்அவுட் வழியாகக் கடிதங்களையும் உறுப்பினர் பட்டியலையும் இறக்கலாம். வருடம் ஒருமுறை, பொங்கல் விடுமுறையில் இறக்குங்கள். மூன்று பென் டிரைவ், மூன்று ஊரில் மூன்று வீடு. ஏன் இத்தனை பாடு? திருவண்ணாமலையில் அரசு கலைக் கல்லூரி 1966இல் வந்தது. தண்டராம்பட்டு, வேட்டவலம் பக்கத்துக் கிராமங்களில் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் பலர் அதில் படித்தவர்கள். முதல் மாதச் சம்பளத்தை என்ன செய்தோம், மெட்ராஸில் எங்கே தங்கினோம் என்று அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டது எந்த நூலகத்திலும் கிடைக்காது.

கே: குழுவில் அரசியல் சண்டை. என்ன செய்ய?
- வாசகர், சேத்துப்பட்டு

ப: இரண்டு பேரையும் போனில் கூப்பிட்டுப் பேசுங்கள். குழுவில் அறிவுரை எழுதாதீர்கள்.

கே: இருபத்தைந்தாம் ஆண்டுச் சந்திப்பைக் கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் வைக்கத் தீர்மானித்துக் குழுவில் அறிவித்துவிட்டோம். கருத்து?
- வாசகி, தற்போது சிங்கப்பூர்

ப: மாற்றுங்கள். அன்று பேருந்துகள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடும். அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கட்டுப்படியாகாது. மாலை ஆறு மணிக்கு மலையில் தீபம் ஏறும் நேரத்தில் உங்கள் நண்பர்களை அந்தக் கூட்டத்தில் நீங்கள் கண்டுபிடிக்கவே முடியாது. பௌர்ணமியும் வேண்டாம், அன்றும் கிரிவலக் கூட்டம்தான். பௌர்ணமி இல்லாத ஒரு சனிக்கிழமையைப் பிடியுங்கள். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பேசிக்கொண்டே நடக்க அன்றுதான் வசதி. வெளிநாட்டில் இருப்பவர்கள் டிக்கெட் எடுக்க வேண்டும். மாற்றிய தேதியை இந்த வாரமே எழுதிவிடுங்கள்.