தொட்டியில் செங்காந்தள்: அழகோடு காவலும் வேண்டும்



மழைக்காலத்தில் நம் ஊர் வேலிகளிலும் புதர்களிலும் தீச்சுடர் போல ஒரு பூ பூக்கும். அதுதான் செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநிலப் பூ. கார்த்திகை மாதத்தை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைப் பூ என்பார்கள். கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். விவசாயிகளிடம் கேட்டால் கண்வலிக் கிழங்கு என்பார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் போன்ற பகுதிகளில் மருந்துக் கம்பெனிகளுக்காக இதன் விதையைப் பயிராகவே எடுக்கிறார்கள்.

பூமியில் அழகான ஒவ்வொரு வகையையும் முளைக்கச் செய்ததாக அல்லாஹ் கூறுகிறான்; அதில் அடியார்களுக்குப் படிப்பினை உண்டு என்றும் கூறுகிறான் (அல்குர்ஆன் 50:7, 8). ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து பறவையோ மனிதனோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் அறிவோம் (புகாரி, முஸ்லிம்). ஆனால் செங்காந்தளில் உண்ணத் தகுந்தது எதுவும் இல்லை. கிழங்கு, தண்டு, இலை, பூ, விதை எல்லாமே விஷம். எனவே இதை வளர்ப்பவருக்கு இரண்டு கடமைகள் உண்டு. செடியைப் பேண வேண்டும். அதனால் யாருக்கும் தீங்கு வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யார் வளர்க்க வேண்டாம்?

இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டுக்கொள்வோம். கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் செங்காந்தள் வேண்டாம். குர்பானிக்காகவோ வேறு தேவைக்காகவோ ஆடு கட்டும் வீட்டிலும் வேண்டாம். இதை மேய்ந்த கால்நடைகள் இறந்ததுண்டு. இப்படிப்பட்ட வீடுகளுக்கு ஆவாரை நல்லது. அதுவும் நம் மண்ணின் செடிதான். வெயிலைத் தாங்கும், குறைந்த தண்ணீர் போதும், மஞ்சளாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும்.

பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டில், பூட்டி வைக்கக்கூடிய மொட்டைமாடி இருந்தால் செங்காந்தளைத் தாராளமாக வளர்க்கலாம்.

கிழங்கும் தொட்டியும்

காட்டிலோ வேலியிலோ இருக்கும் கிழங்கைத் தோண்டி எடுக்க வேண்டாம். தோண்டித் தோண்டியே பல இடங்களில் இந்தக் கொடி அருகிவிட்டது. நர்சரியிலோ பயிர் செய்யும் விவசாயியிடமோ வாங்கலாம். விதை போட்டால் பூப்பதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். 50 கிராமுக்குக் குறையாத கிழங்கை நட்டால் பெரும்பாலும் அந்த ஆண்டே பூக்கும்.

கிழங்கைப் பார்த்து வாங்குங்கள். அதன் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரேயொரு முளைதான் இருக்கும். நுனி ஒடிந்துவிட்டால் அந்தக் கிளை முளைக்காது.

தொட்டி 12 அங்குலத்துக்குக் குறையாத அகலமும் ஆழமும் கொண்டதாக இருக்கட்டும். அடியில் தண்ணீர் வடியும் துளைகள் கட்டாயம் வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்தால் போதும். ஆனி, ஆடி மாதங்களில் கிழங்கைப் படுக்கை வாட்டில் வைத்து, மேலே இரண்டு மூன்று அங்குலம் மண் மூடுங்கள். முளை வர இரண்டு, மூன்று வாரங்கள் ஆகலாம். வரவில்லையே என்று கிளறிப் பார்த்தால் முளை ஒடிந்துவிடும். பொறுமை வேண்டும்.

கொடி ஏற

இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு பிடித்துக்கொள்ளும். அதனால் பருத்த கம்பத்தைவிட மெல்லிய குச்சியும் கயிறும்தான் இதற்கு வசதி. முளை தெரிந்ததுமே மூங்கில் குச்சிகளை ஓரமாக ஊன்றிக் கயிறு கட்டிவிடுங்கள். பிறகு ஊன்றினால் கிழங்கில் குத்திவிடும். கொடி ஐந்தாறு அடிக்கு மேலும் ஏறும். தண்டு எளிதில் ஒடியும் என்பதால் காற்று பலமாக அடிக்காத, வெயில் படுகிற இடம் பார்த்து வையுங்கள்.

தண்ணீர்

மேல் மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். தொட்டியில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். இந்தச் செடி சாவது பெரும்பாலும் அழுகலால்தான். அடைமழை நாட்களில் தொட்டியைக் கூரையின் கீழ் நகர்த்துங்கள்.

ஒளு செய்த தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து ஊற்றலாம். அதில் சோப்பு கலந்திருக்கக் கூடாது. ஓடும் ஆற்றின் கரையில் ஒளு செய்தாலும் தண்ணீரை வீணாக்காதீர் என்று கற்றுத் தந்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம்.

பூவும் ஓய்வும்

நட்ட இரண்டு, மூன்று மாதங்களில் பூக்கத் தொடங்கும். மொட்டு பச்சையாக இருக்கும். விரிந்ததும் ஆறு இதழ்களும் நெளிந்து மேல்நோக்கி மடங்கும். அடிப்பகுதி மஞ்சளாகவும் நுனி சிவப்பாகவும் இருக்கும். நாளாக ஆகச் சிவப்பு கீழிறங்கி, பூ முழுவதும் சிவந்துவிடும். ஒரே கொடியில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். சுப்ஹானல்லாஹ்!

கறுப்பு உடலில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் கொண்ட புழு இலையைத் தின்ன வரும். கையுறை அணிந்து பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

வாடிய பூவை உடனே கிள்ளிவிடுங்கள். காய் பிடிக்க விட்டால் அது வெடித்துச் சிவப்பு விதைகள் வெளியே தெரியும். பிள்ளைகளின் கண்ணை அவை இழுக்கும். விஷம் மிகுந்திருப்பதும் அந்த விதைகளில்தான்.

பூ ஓய்ந்ததும் இலை மஞ்சளாகிக் கொடி காய்ந்துவிடும். செடி செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள். பழைய கிழங்கு வற்றி, மண்ணுக்குள் புதுக் கிழங்கு உருவாகியிருக்கும். தண்ணீரை நிறுத்திவிட்டு, தொட்டியை அப்படியே நிழலில் வைத்துவிட்டால் அடுத்த ஆனியில் மீண்டும் முளைக்கும், இன்ஷா அல்லாஹ்.

காவல்

இந்தச் செடியில் கொல்கிசின் என்ற பொருள் இருக்கிறது. கீல்வாதத்துக்கு மருத்துவர் அளந்து தரும் மருந்து அது. அளவு மீறினால் உயிரைப் பறிக்கும். வேக வைத்தாலும் அதன் விஷம் போகாது. கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று தவறாக எண்ணிச் சமைத்து உண்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள். எனவே,

• கிழங்கை அடுப்படியில் வைக்காதீர்கள். எடுத்து வைப்பதாக இருந்தால் டப்பாவில் போட்டு 'விஷம்' என்று எழுதிப் பூட்டி வையுங்கள்.

• சேனை, இஞ்சி, மஞ்சள் நட்ட தொட்டியில் இதை நடாதீர்கள்.

• கையுறை அணிந்து வேலை செய்யுங்கள். முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

• கண்வலிக் கிழங்கு என்ற பெயரை நம்பிக் கண்ணில் எதையும் விடாதீர்கள். பேன் தொல்லைக்கும், பிரசவம் எளிதாகவும் இதை அரைத்துத் தடவும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சித்த மருத்துவர்களே இதைச் சுத்தி செய்த பிறகுதான் மருந்தில் சேர்க்கிறார்கள்.

• வீட்டுக்கு வரும் விருந்தினரிடமும் வேலைக்கு வருபவரிடமும் இது விஷச் செடி என்று சொல்லிவிடுங்கள்.

யாராவது இதைத் தின்றுவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள், 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைப்பது, உப்புத் தண்ணீர் கொடுப்பது போன்ற வீட்டு வைத்தியம் வேண்டாம். தின்ற கிழங்கு அல்லது இலையில் ஒரு துண்டைக் கவரில் போட்டு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கவே சில மணி நேரம் ஆகலாம். பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று வீட்டில் காத்திருந்துவிடாதீர்கள். அந்த நேரம்தான் உயிரைக் காக்கும் நேரம்.

தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குப் பதிலாகத் தீங்கு செய்வதும் கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் நம் அமானத்தே. அந்தப் பிள்ளையின் கை எட்டாத இடத்தில்தான் நம் வீட்டுச் செங்காந்தள் பூக்க வேண்டும். அப்படி ஓர் இடம் நம் வீட்டில் இல்லையென்றால், வேலியில் பூத்திருப்பதைப் பார்த்துவிட்டு, படைத்தவனைப் புகழ்ந்துவிட்டு வருவோம். அதுவும் நமக்குப் போதும்.

அல்லாஹ் நம் வீடுகளையும் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.